வெடிக்கும் காயும் ஓடும் ஆறும்: பிரிட்டனில் இமயமலைக் காசித்தும்பை

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். இமயமலைக் காசித்தும்பையின் முற்றிய காய் வெடித்தால் விதை அதிகம் போனால் ஏழு மீட்டர் தள்ளி விழும். அது ஓராண்டுச் செடி. விழுந்த விதை அடுத்த ஆண்டு முளைத்து, பூத்து, காய்த்து, மறுபடியும் ஏழு மீட்டர் எறியும். பிரிட்டனில் இந்தச் செடி தோட்ட வேலியைத் தாண்டித் தானாக வளர்ந்ததாக முதலில் பதிவானது 1855-இல். அன்றிலிருந்து 2000 வரை 145 ஆண்டுகள். ஏழால் பெருக்கினால் 1,015 மீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரையில் கண்டது வேறு. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து என்று எங்கே போனாலும் ஆற்றோரங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிய இளஞ்சிவப்புப் பூக்காடு. ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருக்க வேண்டிய செடி இத்தனை ஆறுகளைப் பிடித்தது எப்படி? காய் வெடிப்பது பார்க்க வியப்பாக இருப்பதால் எல்லோரும் பழியை அதன் மேலேயே போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அங்கே ஒரு சிற்றாற்றின் கரையில் தன்னார்வலர்களோடு சேர்ந்து கோடைதோறும் இந்தச் செடியைக் கையால் பிடுங்கப் போன பிறகுதான் எண்ணம் மாறியது. காய்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு, முதல் ஏழு மீட்டருக்கு மட்டும். மிச்சத் தூரம் எப்படிக் கடந்தது, எந்த வைத்தியம் எங்கே பலித்தது, எங்கே ஏமாற்றியது என்பதுதான் இந்த ஆய்வு.

காய்க்குள் நடப்பது

இம்பேஷன்ஸ் என்ற பேரினப் பெயருக்கு லத்தீனில் 'பொறுமை இல்லாதது' என்று பொருள். 1753-இல் ஸ்வீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை முறைப்படி பதித்தார். தமிழில் நாம் காசித்தும்பை என்று சொல்வது இம்பேஷன்ஸ் பால்சமினா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ள பேரினத்தில் அது ஒன்று. இந்த ஆய்வின் நாயகி அதன் ஒன்றுவிட்ட அக்காள், இம்பேஷன்ஸ் கிளாண்டுலிஃபெரா. இலைக்காம்பின் அடியில் தேன் கசியும் சுரப்பிகள் இருப்பதால் வந்த பெயர் அது.

இந்தப் பேரினத்தை வகைப்படுத்தப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பூ அவ்வளவு மெலிது. தாளில் அழுத்திக் காயவைத்தால் எந்த இதழ் எங்கே இருந்தது என்றே தெரியாமல் உருக்குலைந்துவிடும். லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஜோசப் டால்டன் ஹூக்கர் தம் கடைசி ஆண்டுகளை இந்த ஒரு பேரினத்தோடு மல்லுக்கட்டியே கழித்தார். 1911-இல் 94 வயதில் இறந்தார். இமயமலைச் செடிகளை வாழ்நாளெல்லாம் படித்த மனிதருக்கே இது பிடிகொடுக்காமல் இருந்திருக்கிறது.

காய்க்கு வருவோம். ஐந்து சுவர்த் தகடுகள் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு கதாயுத வடிவத்தில் நிற்கும். நடுத்தண்டில் விதைகள் ஒட்டியிருக்கும். ஒரு காயில் நான்கிலிருந்து பதினாறு வரை. காய் முற்ற முற்றச் சுவரின் செல்களில் நீர் ஏறி விறைக்கும். சுவரின் ஒரு பக்கம் நீள முயல, மறுபக்கம் பிடித்து நிறுத்தும். உள்நோக்கிச் சுருளத் துடிக்கிற தகடுகளை ஒட்டுக்கோடுகள் மட்டுமே தடுத்து வைத்திருக்கும். மழைத்துளி, காற்றில் உரசும் இலை, நம் விரல், ஏதாவது ஒன்று பட்டால் போதும். ஒட்டு விட்டுப்போய், தகடுகள் நண்டுக்கால் மடங்குவது போலச் சுருண்டு, விதைகள் தெறிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெடிக்கும் காய்களில் இரண்டு வகை உண்டு. மந்தாரை போன்றவை காய்ந்து முறுக்கேறி, முறுக்குத் தாங்காமல் பட்டென்று பிளக்கும்; அவற்றுக்கு வெயில் வேண்டும். காசித்தும்பை வகை அதற்கு நேர் எதிர், ஈரத்தால் வெடிப்பது. வாடிய செடியின் காயை அமுக்கினால் சோர்ந்துபோய்ப் பிரியும், தெறிக்காது. ஆற்றங்கரையை இந்தச் செடி விட்டுப் பிரியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தண்ணீர் இல்லாமல் அதற்கு வளர்ச்சியும் இல்லை, வெடியும் இல்லை.

வட அமெரிக்காவின் ஆரஞ்சுநிறக் காசித்தும்பையான இம்பேஷன்ஸ் கேபென்சிஸ் காயை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. வெடிப்பு முழுவதும் சராசரியாக 4.2 மில்லி நொடியில் முடிந்துவிடுகிறது. காய்ச்சுவர் ஒரு கிலோ எடைக்கு 124 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. சுருள்வில் செய்யும் எஃகோடு ஒப்பிடத்தக்க அளவு இது, ஒரு பச்சைச் செடியின் தோலில்! ஆனால் அந்த ஆற்றலில் விதைக்குப் போய்ச் சேர்வது வெறும் அரை விழுக்காடு. மிச்சமெல்லாம் தகடுகள் சுருள்வதிலேயே தீர்ந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஆய்வாளர்கள் சொல்லியிருந்த விளக்கத்தைப் பார்த்தேன். எறிவதில் இத்தனை சிக்கனமில்லாத செடிகளுக்கு விதையைச் சுமந்து போக இரண்டாவதாக ஓர் ஆள் இருக்கக்கூடும் என்கிறார்கள். முதல் எறி, விதையைத் தாய்ச்செடியின் நிழலிலிருந்து தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டால் போதும். மேலே எழுதிய கணக்கு தப்பிய இடம் இதுதான்.

வந்த வழி

மேற்கு இமயத்தில் ஏறத்தாழ 2000 முதல் 3000 மீட்டர் உயரத்தில், ஓடைகளின் ஓரத்திலும் ஈரமான காட்டு விளிம்பிலும் வளர்வது இது. சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தை 1831 வரை நடத்திய ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1830-களில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1839-இல் விதை இங்கிலாந்துக்கு வந்தது.

வந்தது திருட்டுத்தனமாகவோ கப்பலின் மண்ணோடு ஒட்டிக்கொண்டோ இல்லை. ஆசைப்பட்டுக் கொண்டுவந்தார்கள். காரணம் புரியாமல் இல்லை. ஒரே பருவத்தில் விதையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம். பிரிட்டனில் இதைவிட உயரமாக வளரும் ஓராண்டுச் செடி கிடையாது. சிவந்த உள்ளீடற்ற தண்டு, மூன்று மூன்றாக இலை, ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அந்தக் காலத்துப் போலீஸ் தொப்பி போன்ற பூ, இனிய கனத்த மணம். பசுமைக்கூடம் கட்டி ஆர்க்கிட் வளர்க்க வசதி இல்லாதவரும் இதை வளர்க்க முடிந்தது. ஒரு பிடி விதையை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்தார்கள். வெடிக்கும் காய் குழந்தைகளுக்கு விளையாட்டு. தோட்டக்காரர்களும், பிற்காலத்தில் தேனீ வளர்ப்பவர்களும் வேண்டுமென்றே தூவிய இடங்கள் பல. ஆக, முதல் பெரிய தாவல்கள் மனிதக் கையால் நடந்தவை.

இரண்டாவது சுமைதாரர் ஆறு. ஒரு செடி ஏறத்தாழ 800 விதை தரும். அவை ஆகஸ்டிலிருந்து கரையிலும் நீரிலும் விழுகின்றன. அதற்குப் பின்னால் வருவது இலையுதிர் கால மழையும் குளிர்கால வெள்ளமும். வெள்ளம் விதையை மணலோடும் சேற்றோடும் உருட்டிக்கொண்டு போய், அடுத்த வளைவில், தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் வண்டலோடு இறக்கி வைக்கும். அந்த வண்டல் மொட்டையாக, ஈரமாக, போட்டியே இல்லாமல் கிடக்கும். விதைக்கு முளைக்குமுன் சில வாரம் ஈரக் குளிர் வேண்டும். பிரிட்டனின் குளிர்காலம் அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. வசந்தம் தொடங்கும்போது எல்லா விதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைத்துத் தரையைப் பாய் விரித்தது போல மூடிவிடும். மற்ற செடிகள் கண் விழிக்கும்போது மேலே கூரை போட்டாகிவிட்டது.

பலவீனம் இருக்கும் இடம்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் ஆச்சரியமானது, கட்டுப்படுத்த இதைவிட எளிதான களை இருக்க முடியாது என்பதுதான். ஜப்பானிய நாட்வீட் போல மண்ணுக்குள் மீட்டர் கணக்கில் கிழங்குவேர் இல்லை. ராட்சத ஹாக்வீட் போலத் தோலைக் கொப்பளிக்க வைக்கும் சாறு இல்லை. வேர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது; ஒரு குழந்தை இழுத்தாலும் வந்துவிடும். முதல் உறைபனியில் செடி முழுவதும் செத்துப்போகும். மண்ணில் விதை உயிரோடு இருப்பதும் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று கோடை ஒரு காய்கூட முற்றவிடாமல் பார்த்துக்கொண்டால் கதை முடிந்தது.

அதாவது, இந்தச் செடியின் முழு எதிர்காலமும் காயில் இருக்கிறது. வேறு சேமிப்பு எதுவும் இல்லை. அப்படியானால் ஏன் முடியவில்லை?

எங்கள் சிற்றாற்றில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் கோடையில் நாங்கள் வேலையைத் தொடங்கியது நடைபாதைக்குப் பக்கத்தில், ஆறு ஊரை ஒட்டி வரும் இடத்தில். வண்டி நிறுத்த இடம் இருந்தது, வருவோர் போவோர் பார்ப்பார்கள், ஆட்கள் சேர்வார்கள். ஜூன் மாதம் நான்கைந்து ஞாயிறு பிடுங்கினோம். கரை சுத்தமானது. பெருமையாக இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் நாற்று பாய் விரித்திருந்தது, முன்பைவிட நெருக்கமாக. நாங்கள் பிடுங்கிப் போட்ட இடம் மொட்டை மண்ணாகக் கிடந்ததால் மேலிருந்து வந்த விதைக்கு இன்னும் வசதியாகிப்போனது.

அப்போதுதான் ஒருநாள் ஆற்றை எதிர்த்திசையில் மேல்நோக்கி நடந்தோம். வளைவுக்கு வளைவு செடி. கால்நடை குடிக்க இறங்கும் இடத்தில் செடி. கடைசியில், ஆறு ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கும் இடத்தில், தனியார் நிலத்துக்குள் ஒரு பெரிய திட்டு. அதற்கு மேலே ஒரு செடிகூட இல்லை. பிறப்பிடம் அதுதான். நாங்கள் ஒரு வருடம் உழைத்தது அதற்கு ஒன்பது வளைவு கீழே.

இந்த வேலையில் பழகியவர்கள் முதலில் சொல்லும் விதியே 'மேலே தொடங்கிக் கீழே வா' என்பது. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஆறு பல பேர் நிலத்தின் வழியாக வருகிறது. ஒருவர் அனுமதி தருவார், அடுத்தவர் பதில் எழுதமாட்டார், மூன்றாமவருக்கு அந்தப் பூ பிடிக்கும். ஆறு எந்த வேலியையும் மதிக்காது, நாங்களோ ஒவ்வொரு வேலியிலும் நின்று கேட்க வேண்டியிருந்தது. கணக்கில் அத்தனை பலவீனமான செடி தப்பித்தது இந்த இடைவெளிகளில்தான்.

பிடுங்குவதிலும் சில நுணுக்கம் உண்டு, கைப்பட்டுத் தெரிந்தவை. அறுப்பதானால் தரைக்கு அருகில், அடிக்கணுவுக்கும் கீழே அறுக்க வேண்டும். கணு மிச்சம் இருந்தால் அதிலிருந்து பக்கக்கிளை விட்டு, முழங்கால் உயரத்திலேயே பூத்துக் காய்த்துவிடும்; உயரம் குறைவதால் கண்ணுக்கும் படாது. பிடுங்கிய செடியை ஈர மண்ணில் வீசக்கூடாது. தண்டின் கணுக்கள் வேர் பிடிக்கும். தண்டை மிதித்து நசுக்கி, மேடான உலர்ந்த இடத்தில் குவிக்க வேண்டும். நேரம் எல்லாவற்றையும்விட முக்கியம். மே மாதத்திலேயே போனால் சிறு நாற்றுகள் புல்லுக்குள் ஒளிந்து தப்பும். ஆகஸ்டில் போனால் நாம் தொடுவதே காய்க்கு வெடி. களை எடுக்கப் போனவர் விதைத்துவிட்டு வருவார், சட்டைமடிப்பிலும் காலணியிலும் விதையைச் சுமந்து புது இடத்துக்கும் கொண்டுபோவார். ஜூன், ஜூலையின் முதல் பாதி, அவ்வளவுதான் சன்னல். பிறகு, தாமதமாக முளைத்தவற்றுக்காக ஒரு மறுசுற்று. ஆடுமாடு மேய விடுவதும் நன்றாகப் பலிக்கிறது, இளஞ்செடியை விரும்பித் தின்னும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கலாம், ஆனால் ஆற்றோரத்தில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும், பக்கத்துச் செடிகளும் போய்விடும். கையாலேயே வரும் செடிக்கு மருந்து அடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நாடு முழுவதிலும் இதை ஒழிக்க 15 கோடி முதல் 30 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று சுற்றுச்சூழல் முகமை ஒருமுறை மதிப்பிட்டிருந்தது. 2010-இல் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இந்தச் செடி சேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைக் காட்டுவெளியில் நடுவதும் பரவவிடுவதும் அன்றிலிருந்து குற்றம். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அயல் ஊடுருவிப் பட்டியலிலும் ஏறியது. சட்டம் புதிதாகத் தூவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே ஆற்றில் போய்க்கொண்டிருக்கும் விதைக்கு அது தெரியாது.

கெடுதி எவ்வளவு

இங்கே ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

2006-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. வடகிழக்கு இங்கிலாந்தின் ஆற்றங்கரைத் திட்டுகளில் இந்தச் செடியை நீக்கிப் பார்த்தவர்கள், இது இருக்கும் இடத்தில் மற்ற தாவரங்களின் எண்ணிக்கை 25 விழுக்காடு வரை குறையலாம் என்றார்கள். ஆனால் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: இப்படிக் காணாமல் போகும் பல செடிகள் எங்கும் கிடைக்கிற சாதாரண வகைகள், இதைப் பிடுங்கினால் அந்த இடத்தை வேறொரு வெளிநாட்டுச் செடி பிடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதே ஆண்டு செக் நாட்டின் ஆறு ஆறுகளில் பார்த்தவர்களுக்கோ, செடி இருந்த கரைக்கும் இல்லாத கரைக்கும் தாவர வகைகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பூச்சிகளின் பக்கம் படம் இன்னும் தெளிவு. 2001-இல் 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் வந்த ஆய்வு, இந்தச் செடி சுரக்கும் பூந்தேன் அளவில் ஐரோப்பியச் செடிகளை எவ்வளவோ மிஞ்சுகிறது என்று காட்டியது. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாகிஸ் பலுஸ்ட்ரிஸ் என்ற ஆற்றோரச் செடியின் பக்கத்தில் இதை வைத்தபோது வண்டுத்தேனீக்கள் அந்த உள்ளூர்ச் செடியை விட்டு இதன் பக்கம் போயின. உள்ளூர்ச் செடிக்கு விதைப் பிடிப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. தேன் மிகுதி தேனீக்கு நல்லதுதானே என்றால், தேனீக்கு நல்லது, பக்கத்துப் பூவுக்கு நல்லதில்லை.

தேனீ வளர்ப்பவர்களின் பாசம் இங்கிருந்துதான் வருகிறது. செப்டம்பரில் மற்ற பூக்கள் பலவும் ஓய்ந்த பிறகு, குளிர்காலத்துக்குத் தேன் சேர்க்கும் கூட்டங்களுக்கு இது ஒரு பெரிய பந்தி. பூவுக்குள் நுழையும் தேனீயின் முதுகில் வெண்சாம்பல் மகரந்தம் அப்பிக்கொள்ளும். விபூதி பூசியது போல வெளுத்துத் திரும்பும். எங்கள் ஆற்றின் தலைமாட்டில் இருந்த அந்தத் திட்டின் உரிமையாளரும் தேனீ வளர்ப்பவர். அவர் மறுத்ததில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. ஆற்றோரத்தில் ஒருகாலத்தில் கடைசிப் பருவத்தில் பூத்த உள்ளூர்ச் செடிகள் இப்போது இல்லை. இதையும் பிடுங்கிவிட்டு வெறுங்கரையை விட்டால் தேனீ எங்கே போகும் என்று கேட்டார். பிடுங்குகிறவர்கள் பிடுங்கிய இடத்தில் என்ன நடுவது என்று யோசிப்பதே இல்லை என்ற குறை எங்கள் மேல் நியாயமானது.

எனக்கு மிகவும் அழுத்தமாகப் பட்ட கெடுதி பூவில் இல்லை, மண்ணில். வேர் ஆழமில்லாத செடி கரை முழுவதையும் பிடித்து, பல்லாண்டுப் புற்களை நிழலால் கொன்றுவிட்டு, முதல் உறைபனியில் தானும் செத்து விழுகிறது. குளிர்கால வெள்ளம் வரும்போது கரையில் பிடிமானமே இல்லை. வடமேற்கு சுவிட்சர்லாந்தின் ஒரு சிற்றாற்றில் அளந்து, 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் செடி பிடித்த கரைகளில் மண் அரிப்பு அதிகம் என்று காட்டியது. அரித்த மண் கீழே போய் மொட்டை வண்டலாகப் படிகிறது. வண்டல் இதற்கே நாற்றங்கால். தனக்கு வேண்டிய வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது.

துருப்பூஞ்சை: ஆனதும் ஆகாததும்

தாயகத்தில் இந்தச் செடி இப்படி ஆட்டம் போடுவதில்லை. அங்கே இலையைத் தின்னும் பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் கூடவே வாழ்கின்றன. கடல் கடந்து வந்தது விதை மட்டும். அந்த எதிரிகளில் பாதுகாப்பான ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று CABI என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் 2006-இல் இமயமலையில் தேடத் தொடங்கியது. கிடைத்தது ஒரு துருப்பூஞ்சை, பக்சினியா கோமரோவீ என்ற சிற்றினத்தின் ஒரு வகை. தன் வாழ்க்கைச் சுழற்சியின் எல்லாக் கட்டங்களையும் இந்த ஒரே செடியில் முடித்துக்கொள்ளும். வசந்தத்தில் நாற்றின் தண்டைத் தாக்கி வளைத்து நெளிக்கும். கோடையில் இலையின் அடியில் துருநிறக் கொப்புளங்களாகப் பரவும். குளிர்காலத்துக்கான வித்துகளை (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை) இலையில் உருவாக்கி, அந்த இலை உதிர்ந்து மட்கும் இடத்தில் காத்திருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் மிகக் கவனமாகக் கையாளப்பட்டது. பிரிட்டனுக்கே சொந்தமான காசித்தும்பை ஒன்றே ஒன்று, மஞ்சள் பூ பூக்கும் இம்பேஷன்ஸ் நோலி-டாங்கெரே. லேக் மாவட்டத்தின் ஈரக்காடுகளில் அது வளர்கிறது. வலைக்கோடு போட்ட இறகுள்ள ஓர் அபூர்வ விட்டிலின் புழு அந்தச் செடியை மட்டுமே தின்று வாழ்கிறது. ஊடுருவியைக் கொல்லப்போய் அந்தச் செடியையும் விட்டிலையும் சேர்த்துக் கொன்றால் யார் பொறுப்பு? அடைப்புக்குள் வைத்துப் பல ஆண்டு சோதித்து, உள்ளூர்ச் செடியைத் தொடாது என்று உறுதியான பிறகே 2014-இல் அனுமதி கிடைத்தது. பெர்க்‌ஷயர், கார்ன்வால், மிடில்செக்ஸ் மூன்று இடங்களில் முதலில் விட்டார்கள். அன்று பிரிட்டனும் இருந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு களைக்கு எதிராக வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட முதல் பூஞ்சை இதுவே.

எதிர்பார்த்தது போல நடக்கவில்லை. சில இடங்களில் பிடித்தது, சில இடங்களில் இலையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. ஏன் என்று தோண்டியபோது 1839-க்குப் பின்னால் நடந்த கதை வெளியே வந்தது. செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், அவை ஒரே மூட்டையில் வந்தவை அல்ல. வெவ்வேறு காலத்தில், இமயத்தின் வெவ்வேறு பள்ளத்தாக்கிலிருந்து பலமுறை கொண்டுவரப்பட்டவை. துருப்பூஞ்சையோ தன் பள்ளத்தாக்குச் செடி என்ற ஒரு பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவி. இந்தியப் பகுதியிலிருந்து எடுத்த ரகம் சில கரைகளுக்குப் பொருந்தியது, மற்றவற்றுக்கு இல்லை. 2017-இல் பாகிஸ்தான் பகுதியிலிருந்து எடுத்த இரண்டாவது ரகத்தைச் சேர்த்தார்கள். இன்னும் சில கரைகளுக்கு அது பொருந்தியது. இரண்டுக்கும் மசியாத செடிக்கூட்டமும் உண்டு. அதனால் இப்போது ஓர் இடத்தில் விடுவதற்கு முன் அந்த இடத்துச் செடியை ஆய்வகத்தில் இரு ரகத்தோடும் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பொருந்திய இடத்திலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. குளிர்கால வித்து உதிர்ந்த இலையில் இருக்கிறது. ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் கரையில் அந்த இலையைத் தண்ணீர் அடித்துப்போய்விட்டால் அடுத்த வசந்தத்தில் நாற்றைத் தாக்க வித்து மிச்சமிருக்காது. விதையை ஊர் ஊராகச் சுமந்த அதே ஆறு, விதையின் எதிரியைத் துடைத்துக்கொண்டு போகிறது.

பூஞ்சை செடியை அடியோடு ஒழிக்கும் என்று அதைக் கொண்டுவந்தவர்களும் சொல்லவில்லை. செடி குட்டையாகி, பூவும் காயும் குறைந்து, மற்ற செடிகளுக்கு இடம் கிடைத்தால் போதும் என்பதுதான் இலக்கு. இருபது ஆண்டு பொறுக்க வேண்டிய வைத்தியம் இது. அதுவரை கைக்கு ஓய்வில்லை.

எங்கள் ஆறு

மூன்றாவது கோடையில் வரிசையை மாற்றினோம். நடைபாதைப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போனோம். தேனீ வளர்ப்பவரிடம் மறுபடி பேசியபோது கேட்டது வேறு: பிடுங்கவேண்டாம், வாய்க்காலை ஒட்டிய எட்டு மீட்டரை மட்டும் எங்களுக்கு விடுங்கள், அதில் உங்கள் தேனீக்கு வேண்டிய உள்ளூர்ச் செடிகளை நாங்களே நட்டுத் தருகிறோம். காய் எறியும் தூரம் ஏழு மீட்டர். எட்டு மீட்டர் விட்டால் விதை தண்ணீரில் விழாது. அந்த ஓர் எண் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேசியது. யோசித்து, ஒரு வாரம் கழித்துச் சரி என்றார். ஸ்டாகிஸ் நாற்றும், அக்டோபர் வரை பூக்கும் நீலநிற ஸ்கேபியஸும், வில்லோ போத்துகளும் நட்டோம்.

நான்காவது ஆண்டு மார்ச்சில் தலைமாட்டுக் கரையில் முழங்கால் போட்டுத் தேடினேன். எட்டு மீட்டர்ப் பட்டையில் நாற்று இருந்தது, ஆனால் கையால் எண்ணும் அளவுக்குத்தான். அதற்குக் கீழே முதல் வளைவில் வெள்ளம் புதிதாகப் போட்ட வண்டலில் புல் முளைத்திருந்தது. காசித்தும்பை அங்கே இல்லை. இரண்டாவது வளைவில் இருந்தது. போன ஆண்டு அங்கேயே விழுந்த பழைய விதையாக இருக்க வேண்டும். இந்த ஜூனில் வேலை அந்த வளைவிலிருந்து தொடங்குகிறது. கீழே இன்னும் ஏழு வளைவு இருக்கிறது.